அண்ணாச்சி பதில்கள்: ரூல் வரப்போவுதுன்னு நம்ம எம்.எல்.ஏ.வுக்கு யாரு சொல்லுவா?

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, கெஜட்ல, அதாவது அரசிதழ்ல, ரூல் வந்த பிறகுதான் பாதி எம்.எல்.ஏ.வுக்கு விஷயமே தெரியும்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அதுக்கு வந்து விழுந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் கொஞ்சநஞ்சம் இல்ல, பாதிப் பேரு உண்மையான்னு கேக்காவ, மீதிப் பேரு ஒமக்கு எப்படித் தெரியும்னு கேக்காவ. நான் இந்தப் பத்தி எழுத வாறதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் ஒரு எம்.எல்.ஏ. ஆபீஸ்ல தபால் பிரிக்கிற வேலை பாத்தவன், அதனால தெரியும். இந்த வாரம் சினிமா கேள்வி, ஜோசியக் கேள்வி எல்லாத்தையும் ஒதுக்கிட்டு இத மட்டும் எடுத்துருக்கேன், மத்தவங்க கோவிச்சுக்கிடாதீங்க.

சட்டம் போடுறது எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும்தானே அண்ணாச்சி, அப்பம் அவங்களுக்குத் தெரியாம ரூல் எப்படி வரும்?
– ரிட்டயர்டு வாத்தியார், பாளையங்கோட்டை

சார், நீங்க எத்தன கல்யாணம் பாத்திருப்பீங்க. வீட்டுப் பெரியவங்க கூடி உக்காந்து மறுவீட்டுக்கு நல்ல சாப்பாடா போடணும்னு முடிவு பண்ணுவாவ, அதோட அவங்க சோலி முடிஞ்சிரும். சொதி உண்டா, இஞ்சிப் பச்சடி உண்டா, எத்தன பந்தி, எந்தப் பந்தியோட நிறுத்தணும்ங்கிறதெல்லாம் தவசுப்பிள்ளையும் சரக்கு ரூம் சாவி வச்சிருக்கவரும் பாத்துக்கிடுவாவ. சட்டமும் ரூலும் அப்படித்தான். சட்டமன்றத்துல பாஸ் ஆவுற பெரும்பாலான சட்டத்த எடுத்துக் கடைசிப் பக்கத்துப் பக்கம் பாருங்க, அரசு இதுக்கு விதிகள் செய்யலாம்னு ஒரு பிரிவு இருக்கும், அந்த ஒத்தப் பிரிவப் புடிச்சுக்கிட்டுதான் ஃபீஸ் எவ்வளவு, என்ன ஃபாரம், எத்தன மீட்டர் தள்ளி இருக்கணும், யாருக்கு லைசென்ஸ்னு எல்லாத்தையும் செக்ரட்டேரியட்ல எழுதுதாவ. நம்ம பொழப்புல வந்து இடிக்கிறது எல்லாம் பெரும்பாலும் அந்த ரூல்லதான் இருக்கும்.

2023 ஞாபகம் இருக்கா? கல்யாண மண்டபத்துலயும் ஸ்டேடியத்துலயும் ஸ்பெஷல் லைசென்ஸ் வாங்கிட்டு மது பரிமாறலாம்னு மது லைசென்ஸ் ரூல்ல ஒரு திருத்தம் மார்ச் மாசக் கெஜட்ல வந்துச்சு. அது பேப்பர்ல வந்து ஊரே கொதிச்சது ஏப்ரல் கடைசியில. இந்த ரெண்டுக்கும் நடுவுல சட்டமன்றம் பட்ஜெட் கூட்டம்னு நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. பெறவு சத்தம் கிளம்புனதும் கல்யாண மண்டபத்த மட்டும் எடுத்தாவ. ஒரு மாசத்துக்கு மேல அந்த ரூல் கெஜட்ல தூங்கிருக்கு, 234 பேர்ல ஒருத்தர் பாத்து எந்திரிச்சுக் கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்லா.

டிராஃப்ட் ரூல், டிராஃப்ட் ரூல்னு எழுதுறீங்களே, அப்படி முன்கூட்டியே வெளியிடணும்னு கட்டாயம் உண்டா? சட்டமன்ற மேசையில வைக்காட்டா ரூல் செல்லாதா?
– சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தம்பி, நீ படிச்சதத்தான் என்கிட்ட கேக்க, பரீட்சை வைக்கிறியோ? சரி சொல்லுதேன். டிராஃப்ட்னா ரூல் போடுறதுக்கு முன்னாடி ஜனங்க கருத்துக்கு விடுற வரைவு, எல்லா ரூலுக்கும் அது கட்டாயம் இல்ல. 'முன்கூட்டி வெளியிட்டு' செய்யணும்னு அந்த ரூலப் போட அதிகாரம் குடுக்கிற தாய்ச் சட்டம் சொல்லியிருந்தா மட்டும்தான் 1897ஆம் வருஷத்து பொது உட்பிரிவுகள் சட்டத்தோட 23ஆம் பிரிவு வேலை செய்யும். டிராஃப்ட வெளியிடணும், எந்தத் தேதிக்குப் பிறகு எடுத்துக்கிடுவோம்னு போடணும், வந்த ஆட்சேபணையைப் பரிசீலிக்கணும். இதுல ஒரு குசும்பும் இருக்கு, கடைசியில கெஜட்ல 'முன்கூட்டி வெளியிட்டுச் செய்யப்பட்டது'ன்னு போட்டுட்டா முறைப்படி நடந்ததுக்கு அதுவே முடிவான சாட்சின்னும் அதே பிரிவு சொல்லுது. சென்ட்ரல் கவர்மென்ட் 2014ல ஒரு கொள்கை கொண்டாந்துச்சு, மசோதாவோ ரூலோ கொறஞ்சது 30 நாள் ஜனங்க பார்வைக்கு வைக்கணும்னு, ஆனா அது கொள்கைதான், சட்டம் கெடையாது.

மேசையில வைக்கிறது, அதாவது உறுப்பினருங்க பாக்கிறதுக்காக ரூல சபையில தாக்கல் பண்ணுறது, வேற கதை. பார்லிமென்ட்டுல வழக்கமான வாசகம் என்னன்னா, ரூல் போட்ட பிறகு ரெண்டு அவையிலயும் கூட்டம் நடக்கிற நாளுல மொத்தம் 30 நாள் வைக்கணும், ரெண்டு அவையும் ஒத்துக்கிட்டா திருத்தலாம், இல்ல ரத்து பண்ணலாம். ரூல் போட்ட பிறகுங்கிற எடத்துல அடிக்கோடு போட்டுக்க. ரத்து பண்ணாலும் அதுக்கு முன்னாடி அந்த ரூலுபடி நடந்தது நடந்ததுதான். மேசையில வச்சாலே போதும்னு மட்டும் சட்டம் சொல்லுற எடத்துல, வைக்கத் தவறிட்டாங்கங்கிறதுக்காக உத்தரவு செத்துப் போவாதுன்னு 1979லயே சுப்ரீம் கோர்ட் அட்லஸ் சைக்கிள் கேஸ்ல சொல்லிருச்சு. நம்ம ஸ்டேட்லயும் சட்டமன்ற மேசையில வைக்கிறாவ, அன்னைக்கி வைக்கிற கட்டோட உயரத்தப் பாத்தா எம்.எல்.ஏ.வ குத்தம் சொல்லவும் மனசு வராது.

2017ல மாட்டுச் சந்தைக்கு ஒரு ரூல் போட்டாங்களே, எங்க வியாபாரமே படுத்துருச்சு. அதுக்கு முன்னாடி ஒருத்தரும் எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கலியே, எங்க எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் அப்பம் என்ன செஞ்சாங்க?
– மாட்டு வியாபாரி, மேலப்பாளையம்

பாய், இந்தக் கேள்விக்குத்தான் இந்த வாரம் உக்காந்து தேதி எல்லாம் எடுத்தேன். கேட்டா வயிறு எரியும்.

அந்த ரூல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960க்குக் கீழ போட்டது. அந்தச் சட்டத்துல முன்கூட்டி வெளியிடணும்னு இருக்கு, அதனால டிராஃப்ட் வெளியிட்டாவ, வெளியிடலன்னு சொல்ல முடியாது. எப்பம்? 2017 ஜனவரி நடுவுல. அந்த வாரம் தமிழ்நாடு எங்க இருந்துச்சு? மெரினாவுல இருந்துச்சு, நம்ம ஊருலயும் பிள்ளையளு காலேஜுக்குப் போவாம ரோட்டுல உக்காந்திருந்துச்சு, ஜல்லிக்கட்டு ஜல்லிக்கட்டுன்னு. ஒரு மாட்டுக்காக ஊரே சத்தம் போட்ட அதே நாளுல இன்னொரு மாட்டு ரூல் டெல்லியில பையக் கதவத் தொறந்து எட்டிப் பாத்துருக்கு, ஒருத்தர் கண்ணுலயும் படல. ஆட்சேபணைக்குக் குடுத்த நாளும் ஓடிப் போச்சு.

பெறவு மே 23ஆம் தேதி ஃபைனல் ரூல் வந்துருச்சு, அறுப்புக்கு விக்கலன்னு சந்தையில எழுதிக் குடுக்கணும்னு. பார்லிமென்ட்டு எங்கன்னு கேளுங்க. பட்ஜெட் கூட்டத்தொடர் ஏப்ரல் 12லயே முடிஞ்சாச்சு, அடுத்த கூட்டம் ஜூலை 17. அதாவது மேசையில வைக்கணும்னாக்கூட ரெண்டு மாசத்துக்கு வைக்க மேசை கெடையாது. நடுவுல மே 30ஆம் தேதி நம்ம மதுரைக் கிளை ஹைகோர்ட் தடை போட்டுச்சு, ஜூலை 11ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் தடைய நாடு பூராவும்னு ஆக்கிருச்சு, மறுவருஷம் புது டிராஃப்ட் வந்துச்சு. ஒங்கள காப்பாத்துனது கோர்ட்டு. சட்டம் போடுற எடத்துக்கு அந்த ரூல் போய்ச் சேரவே முன்னாடி எல்லாம் முடிஞ்சு போச்சு.

எம்.பி. என்ன செஞ்சாருன்னா, அவருக்கும் தெரிஞ்சிருக்காது, அதான் நெசம். இன்ன துறையில இன்ன டிராஃப்ட் வந்துருக்கு, ஒங்க தொகுதியில இத்தன பேரத் தொடும், கடைசித் தேதி இதுன்னு எம்.பி.க்கோ எம்.எல்.ஏ.க்கோ ஒரு தாள் அனுப்பியே ஆவணும்னு எந்த அதிகாரிக்கும் பொதுவா ஒரு கடமை விதிச்சிருக்கல. கெஜட்ல போட்டாச்சு, வெப்சைட்ல ஏத்தியாச்சு, தீந்துச்சு. அந்த டிராஃப்ட் வந்த வாரம் மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமை சந்தையில யாராச்சும் ஒருத்தர் கையில இருந்திருந்தா, நீங்களே நாலு பேரு போயி எம்.பி. வீட்டு வாசல்ல நின்னிருப்பீங்கல்லா?

அண்ணாச்சி, பீடி பாக்கெட்டுல பெரிய படம் போடணும்னு ரூல் வந்தப்ப எங்க ஏரியாவுல வேலை கொறஞ்சிரும்னு ஒரே பேச்சு. இதெல்லாம் டெல்லியில யாரு கேக்காங்க, எம்.பி.ங்க கேப்பாங்களா?
– பீடி சுத்துற அக்கா, முக்கூடல்

யக்கா, கேட்டாவ. இந்த ஒரு விஷயத்துல கேட்டாவ, அதனாலதான் இதக் கொஞ்சம் வெவரமாச் சொல்லணும்.

லோக்சபாவுல சார்நிலைச் சட்டக் குழுன்னு ஒண்ணு 1953லருந்து இருக்கு, ராஜ்யசபாவுல 1964லருந்து. ஒவ்வொண்ணுலயும் 15 எம்.பி.ங்க, லோக்சபா குழுவுல மந்திரிமாரு இருக்கக் கூடாது. அதிகாரிங்க போட்ட ரூல் எல்லாம் சட்டம் குடுத்த வரம்புக்குள்ள இருக்கா, தாண்டிப் போவுதான்னு பாக்கிறதுதான் இவங்க சோலி. நம்ம சட்டமன்றத்துலயும் இதே வேலைக்கு ஒரு குழு உண்டு, நம்ம ஜனங்களுக்கு மனுக்கள் குழு தெரியும், ஜில்லாவுக்கு வந்துட்டுப் போவும், இது தெரியாது.

பீடி, சிகரெட் பாக்கெட்டுல மொதல்ல முன்பக்கத்துல மட்டும் 40 சதவீதம் எச்சரிக்கைப் படம் இருந்துச்சு. 2014 அக்டோபர்ல ரெண்டு பக்கமும் 85 சதவீதம்னு ரூல் போட்டு 2015 ஏப்ரல் 1லருந்து நடைமுறைன்னாவ. அப்பம் லோக்சபாக் குழு எடுத்துக்கிட்டு விசாரிச்சு, கொஞ்சம் நிறுத்தி வைங்கன்னு 2015 மார்ச்ல சொல்லுச்சு, கவர்மென்ட்டும் நிறுத்திருச்சு. பாத்தியளா, எம்.பி.ங்க நெனச்சா ஒரு ரூல நிறுத்த முடியும். ஆனா அந்தக் குழுவுலயே பீடி கம்பெனி முதலாளி ஒருத்தரு எம்.பி.யா உக்காந்திருந்தாருன்னு வெளிய வந்து பெரிய சண்டையாச்சு. அடுத்த வருஷம் குழு 50 சதவீதம் போதும்னு சொல்லுச்சு, கவர்மென்ட் அதக் கேக்காம 2016 ஏப்ரல்லருந்து 85ஐயே கொண்டாந்துருச்சு. 2017 டிசம்பர்ல கர்நாடக ஹைகோர்ட் ரூல அடிச்சுது, 2018 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்ப நிறுத்தி வச்சுது, 85 அப்படியே நின்னுருச்சு.

என் அபிப்ராயத்தச் சொல்லிருதேன், கோவப்படாதீங்க. படம் பெருசா இருக்கிறது நல்லதுதான், பொகையிலத் தூள் ஒங்க நெஞ்சுக்குள்ள போறத நீங்களே பாக்கீங்க. எனக்கு உறுத்துறது வேற. முதலாளிக்கு டிராஃப்ட் வந்தது தெரியும், குழு தெரியும், எந்த ரூம் எந்தக் கதவுன்னு தெரியும், போயிருவாரு. மடியில சொளவ வச்சுக்கிட்டு எலை வெட்டுற ஒங்களுக்கு ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, மாசம் எத்தன நாள் எலை வருது, இந்த வேலை போனா வேற என்ன வேலை இருக்குன்னு அந்தக் குழுவுக்கு யாரு சொல்லணும்? அதுக்கு முதலாளி வாய நம்பி இருந்தா அவரு அவர் கணக்கத்தான் சொல்லுவாரு. ஒங்க எம்.பி.க்கு ஒங்க சங்கம் நேரா எழுதணும், குழுவுக்கும் எழுதலாம்.

இங்கிலீஷ்ல டிராஃப்ட் போட்டா நாங்க என்னத்தப் படிக்க?
– மீனவர், உவரி

நியாயம். 2020ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு டிராஃப்ட் வந்துச்சே, அதுக்கு மார்ச் 23 தேதி போட்டிருந்துச்சு, கெஜட்ல வந்தது ஏப்ரல் 11, வீட்ட விட்டு வெளிய வரக்கூடாதுன்னு பூட்டி வச்சிருந்த நேரம். இங்கிலீஷ், ஹிந்தி தவிர வேற பாஷை இல்ல. டெல்லி ஹைகோர்ட்தான் கடைசித் தேதிய ஆகஸ்ட் 11 வரைக்கும் தள்ளி, அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில இருக்கிற 22 பாஷையிலயும் மொழிபெயர்த்துப் போடுன்னு சொல்லுச்சு. கடற்கரை மண்டல அறிவிப்புக்கும் 2018 ஏப்ரல்ல டிராஃப்ட் வந்து 2019 ஜனவரியில ஃபைனல் ஆச்சு, நடுவுல ஒங்க ஊருல எத்தன பேரு அதத் தமிழ்ல பாத்தீங்கன்னு ஒங்களுக்கே தெரியும். எம்.எல்.ஏ.வுக்கும் தமிழ்ல குடுத்தாத்தான் படிப்பாரு, அத வெளிய சொல்ல மாட்டாரு, அம்புட்டுதான்.

எம்.எல்.ஏ.ங்க டிராஃப்டப் பாத்து ஒடனே எதிர்வினை காட்டுனதே கெடையாதா?
– ஆராய்ச்சி மாணவி, அபிஷேகப்பட்டி

இருக்கும்மா, ஒங்க யூனிவர்சிட்டி சம்பந்தப்பட்டதுதான். துணைவேந்தர் தேடல் குழுவ கவர்னர் கையில குடுக்கிற மாதிரி யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) டிராஃப்ட் 2025 ஜனவரி 6ல வந்துச்சு, 9ஆம் தேதி நம்ம சட்டமன்றத்துல அத வாபஸ் வாங்கணும்னு தீர்மானம். மூணே நாள்! ஏன்னா அது அரசியல், மந்திரிக்கே வலிக்கும். மாட்டுச் சந்தைக்கும் பீடிக்கும் மூணு நாளுல யாரும் ஓட மாட்டாவ.

குவாரி பத்தி ஒரு வரி சொல்லுங்க.
– ராதாபுரம்

ஒரு வரியா? காப்புக்காட்டுலருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள குவாரி கூடாதுன்னு 2021 நவம்பர்ல கனிம ரூல்ல திருத்தம் வந்துச்சு, 2022 டிசம்பர்ல அதுல காப்புக்காட்ட மட்டும் எடுத்துட்டு சரணாலயம், புலிகள் காப்பகம்னு விட்டு வச்சாவ. ரெண்டு திருத்தமும் ரூல்தான், சட்டமன்றத்துல ஓட்டுக்கு வந்தது கெடையாது. மலையடிவாரத்துல இருக்கவங்க உங்க எம்.எல்.ஏ.கிட்ட இந்த ரெண்டு தேதியும் சொல்லிப் பாருங்க, முகத்தப் பாத்தாலே தெரிஞ்சிரும்.

என் மவன் அமெரிக்காவுல இருக்கான், அங்க ஒவ்வொரு ரூலையும் எம்.பி.ங்களுக்கு அனுப்பியே ஆவணுமாமே?
– வண்ணாரப்பேட்டை அம்மா

ஆமாம்மா, மவன் சொன்னது சரிதான். 1996ல அங்க ஒரு சட்டம், எந்தத் துறை ரூல் முடிச்சாலும் அது அமலுக்கு வாறதுக்கு முன்னாடி ரெண்டு சபைக்கும் தணிக்கை ஆபீசுக்கும் ஒரு பிரதி போவணும், பெரிய ரூல்னா சாதாரணமா 60 நாள் காத்துக் கெடக்கணும், ரெண்டு சபையும் வேண்டாம்னு தீர்மானம் போட்டு ஜனாதிபதி கையெழுத்துப் போட்டா ரூல் காலி. ஜனாதிபதி தன் ஆபீசர் போட்ட ரூலயே எதுக்கு வேண்டாம்பாருன்னு கேப்பீங்க, அதனாலதான் ரொம்ப வருஷம் அது பெருசா உபயோகப்படல, ஆட்சி மாறுன 2017ல முந்துன ஆட்சியோட ரூல் பலதை வரிசையா அடிச்சாவ. ஆனா டிராஃப்ட் இருக்கும்போதே அங்க ஜனங்க எழுதிப் போடுறது ரொம்ப சாதாரணம், அதத்தான் நான் இங்க கேக்கேன்.

சரி, எங்க எம்.எல்.ஏ.வுக்கு நாங்க எப்படிச் சொல்ல? மனு குடுத்தா கவர்ல போட்டு வச்சிருவாரு.
– மானூர், விவசாயி

இதுக்கு என் கதையத்தான் சொல்லணும். ஆபீஸ்ல தபால் மூணு கட்டா பிரிப்பேன், கல்யாணப் பத்திரிகை ஒண்ணு, மனு ஒண்ணு, அப்புறம் பாக்கலாம்னு ஒண்ணு. துறையிலருந்தும் சங்கத்துலருந்தும் வாற தடிச்ச கவர் எல்லாம் மூணாவதுலதான் போவும். ஒரு நாள் நாலு பேரு வந்து, சார் அந்த டிராஃப்டுக்கு என்ன பண்ணீங்க, அன்னைக்கி ஒங்க கையிலதான குடுத்தோம்னு கேட்டாவ. தேடி எடுத்தா கடைசித் தேதி முடிஞ்சு ஒன்றரை மாசம், அதோட பின்பக்கத்துல என் கையெழுத்துல மளிகை லிஸ்ட், உளுந்து ரெண்டு கிலோ, வத்தல் கால் கிலோன்னு. நாப்பது பக்கம், படிச்சா என்ன சொல்லுதாங்கன்னே புரியாது, ஆனா குத்தம் என்னுது. அந்த நாலு பேர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு.

அதனால நாப்பது பக்கத்தக் குடுக்காதீங்க. ஒரு தாள், தமிழ்ல, மேல பெரிசா கடைசித் தேதி. கீழ எந்த ரூல், இப்பம் என்ன இருக்கு, என்னவா மாத்தப் போறாங்க, மானூர் கொளத்துப் பாசனத்துல எத்தன பேருக்கு அடிபடும்னு உங்க கணக்கு. அதுக்குக் கீழ அவரு என்ன செய்யணும்னு ஒரே வரி, துறைச் செயலாளருக்கு லெட்டர் போடணுமா, சபையில கேள்வி கேக்கணுமா. 'ஆவன செய்யவும்'னு முடிச்சீங்கன்னா ஆவன செஞ்சு ஃபைல்ல போட்டுருவாவ. துறைக்கு நீங்க அனுப்புன ஆட்சேபணையோட நகலையும் அந்தத் தாளோட பின்னால குத்திருங்க, ஜனங்க ஏற்கனவே எழுதிட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் அவருக்கும் கை வரும். திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கிற மனு வேற, அது நடந்து முடிஞ்சதுக்கு. இது நடக்கப் போறதுக்கு.

இன்னொண்ணு, எம்.எல்.ஏ.கிட்ட நேராக் குடுக்கிறத விட தபால் பிரிக்கிறவன்கிட்ட நின்னு ரெண்டு நிமிஷம் பேசுங்க. அவன்தான் எந்தக் கட்டுல போடணும்னு முடிவு பண்ணுதான்.

கெஜட் எல்லாம் நீங்க நெசமாவே படிக்கீயளா அண்ணாச்சி?
– பெயர் வேண்டாம், டவுன்

தமிழ்நாடு அரசிதழ் புதன்கிழமை வரும், அதுல மூணாம் பகுதியிலதான் ரூல் எல்லாம் இருக்கும். அது போக சிறப்பு வெளியீடுன்னு எந்த நாள் வேணாலும் வரும், வம்பு எல்லாம் பெரும்பாலும் அதுலதான். சென்ட்ரல்னா ரெண்டாம் பகுதி மூணாம் பிரிவு, ஜி.எஸ்.ஆர்.னு நம்பர் போட்டு வரும், எல்லாம் நெட்ல சும்மாவே கெடைக்குது. புதன்கிழமை சாயங்காலம் டீயக் குடிச்சுக்கிட்டே பாப்பேன், பத்து நிமிஷத்துல கொட்டாவி வந்துரும், வீட்டுல என்ன படிக்கீயன்னு கேட்டா சொல்லவும் முடியாது. போன புதன் ஒண்ணும் இல்ல. இந்தப் புதன் எதுவும் இருந்துச்சுன்னா அடுத்த இதழ்ல எழுதுதேன்.